ஆற்றைத் தாண்டாத விண்ணப்பம்

என் பழைய பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பெண் போன வாரம் மூன்று முறை போன் செய்துவிட்டாள். எங்கோ ஒரு பக்கம் சண்டை, வான்வழியை மூடிவிட்டார்களாம். ஊர் திரும்ப வேண்டிய வெளிநாட்டுக்காரர்கள் நாலைந்து பேர் நம் மாவட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். விசா முடியப்போகிறது. சலுகை கொடுத்து உத்தரவு வரும் என்று பேச்சு இருக்கிறது, உத்தரவைத்தான் காணோம். "கொரோனா சமயத்துல நீங்க என்னக்கா செஞ்சீய?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ரிட்டயர் ஆனவர்களிடம் கேள்வி கேட்டால் பக்கம் பக்கமாகத்தான் பதில் வரும், அனுபவிக்கட்டும்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், எனக்குப் பேர் வைத்தது எஸ்தர். தட்டச்சில் ஹையர் முடித்து, தேர்வு எழுதி, மாவட்டக் காவல் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். காக்கி உடுப்பு கிடையாது. காக்கி உடுப்புக்காரர்கள் எழுத வேண்டியதை எழுதிக் கொடுக்கும் கூட்டத்தில் ஒருத்தி. தபால் பிரிவு, அப்புறம் விடுப்புப் பிரிவு என்று பதினெட்டு வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு உதவியாளராக வெளிநாட்டவர் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். "என்ன தப்புச் செஞ்சீய?" என்று கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு பீரோ, ஒரு மேசை. அதுதான் பிரிவு.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் நம் மாவட்டத்தில் எங்கே தங்கினாலும், தங்கவைத்தவர் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நீண்ட நாள் தங்குகிறவர்களை நாங்கள் பதிவேட்டில் எழுதுவோம். விசா நீட்டிப்பு வேண்டுமென்றால் எங்கள் அறிக்கை சென்னைக்குப் போகும், அங்கிருந்து முடிவு வரும். குற்றாலம் பார்க்க வந்து ஊர் பிடித்துப்போனவர்கள், கல்லூரியில் படிக்க வந்த ஆப்பிரிக்கப் பையன்கள், கல்யாணம் கட்டி வந்தவர்கள் என்று எல்லாரும் அந்த மாடிப்படிக்குக் கீழேதான் குனிந்து வர வேண்டும்.

அந்தப் பிரிவுக்கு வந்த இரண்டாம் வருஷமே எனக்கு ஒரு அடி விழுந்தது. பாபநாசம் பக்கம் தியானம் பழகுகிறார் என்று சொல்லி ஒருவருடைய பாஸ்போர்ட்டை ஏஜெண்ட் கொண்டுவந்தார். ஆளுக்குக் காய்ச்சல், வர முடியவில்லை என்றார். நான் நம்பி அறிக்கை எழுதிவிட்டேன். அந்த மனிதர் ஆறு மாதமாகக் கோவாவில் கடை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: ஆளை நேரில் பார்க்காமல் எதையும் எழுதமாட்டேன். பின்னாளில் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக வந்துவிட்டது, விண்ணப்பத்துக்கு ஆள் வர வேண்டிய அவசியமே இல்லை என்றார்கள். நான் விடவில்லை. "ஒரு எட்டு கூட்டிட்டு வாங்க, மூஞ்சியப் பாத்துக்கிடுதேன்" என்பேன். எல்லாரும் வந்தார்கள். அதனால் நான் செய்வது சரி என்றே நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கடைசியாக வாய்த்த ஆய்வாளர் முத்துக்குமார் சார். என்னைவிடப் பதினாறு வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோப்பில் சிக்கல் இருந்தால் ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதுவார். எழுதியவர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பல அதிகாரிகளுக்கு அது கோப்பைத் தள்ளிப்போடும் வழி. இவர் நிஜமாகவே பேசுவார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுவார். நாம் சொல்லச் சொல்ல, பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்பார், குறுக்கே ஒரு வார்த்தை வராது. மனசு ஒப்பிவிட்டால் ரப்பரை எடுத்து 'பேசவும்' என்பதை அழித்து, தூளை ஊதிவிட்டு, பேனாவால் கையெழுத்துப் போடுவார். ஒப்பவில்லை என்றால் அழிக்காமலே கோப்பை மூடிவைப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் கோப்பை மூடும் சத்தத்துக்கே எனக்குக் கை வேர்க்கும்.

ஊரடங்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் முக்கூடலிலிருந்து ஒரு பையன் வந்தான். பெயர் இசக்கிமுத்து. துபாயில் ஒரு ஓட்டலில் சமையல்காரன். அதே ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தான். அவள் பெயர் மரிசெல். தலைப்பிரசவத்துக்கு அவளை முக்கூடலுக்குக் கூட்டி வந்திருந்தான். விசா முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. பாஸ்போர்ட், கல்யாணப் பதிவுச் சான்று, போட்டோ, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்துக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினான். ஒரு குறை சொல்ல முடியாத காகிதங்கள்.

"ஆள எங்க?" என்றேன்.

"எட்டு மாசம் முடிஞ்சிட்டு மேடம். அம்மா விட மாட்டேங்கா. பிள்ளைத்தாச்சி ஆத்தத் தாண்டக் கூடாதாம்."

முக்கூடல் ஆற்றுக்கு வடகரை. எங்கள் அலுவலகம் பாளையங்கோட்டையில், கொக்கிரகுளம் பாலத்துக்கு இந்தப் பக்கம். எனக்குச் சுர்ரென்று வந்தது. கடலைத் தாண்டி வந்தவளுக்கு ஆறு ஆகாதா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "அதத்தான் நானும் கேட்டேன். கடலு வேற, ஆறு வேறங்கா." எனக்குச் சிரிப்பும் வந்தது. ஆனாலும் என் சட்டம் என் சட்டம். பையப் பைய ஒரு காரில் கூட்டி வா, ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காகிதத்தை வாங்கவில்லை, ஆகவே எதிலும் அவன் பேரை எழுதவும் இல்லை.

அவன் அம்மாவைச் சம்மதிக்கவைத்துக்கொண்டிருக்கும்போதே ஊரடங்கு வந்துவிட்டது. போன் செய்தான். விமானமும் இல்லை, பஸ்ஸும் இல்லை, என்ன செய்ய என்றான். "வீட்டுலயே இருங்க தம்பி. இதுக்குன்னு உத்தரவு வரும், வந்ததும் சொல்லுதேன்" என்றேன். இரண்டு நாளில் அவள் விசா முடிந்தது.

உத்தரவு வந்தது உண்மைதான். எல்லை மூடிக் கிடப்பதால் விசா முடிந்தவர்களுக்குச் சலுகை, ஆனால் கம்ப்யூட்டரில் விண்ணப்பித்தால்தான் நீட்டிப்பு என்று இருந்தது. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். பதிவேட்டில் பேர் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். இசக்கிமுத்துவை மறந்தேபோனேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

நினைவு வந்தது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவம் வந்தபோதுதான். வெளிநாட்டவர் யாரைச் சேர்த்தாலும் அவர்கள் எங்களுக்குத் தெரிவிப்பார்கள். மரிசெல், பிலிப்பைன்ஸ், ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். வலி முற்றியதும் முக்கூடலிலிருந்து 108 வண்டி அவளை ஏற்றிக்கொண்டு, மாமியாரும் கூட இருக்க, பாலத்தைத் தாண்டி பாளையங்கோட்டைக்கே கொண்டுவந்திருக்கிறது. படிவத்தில் விசா முடிந்த தேதியைப் பார்த்தேன். பிள்ளை பிறந்த தேதியைப் பார்த்தேன். நடுவில் பதினாறு நாள்.

அந்தப் பதினாறு நாளில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சட்டம் இப்படி: அப்பா இந்தியர், அம்மா வெளிநாட்டவர் என்றால், பிள்ளை பிறந்த அன்று அம்மா முறைப்படி தங்கியிருக்க வேண்டும். அப்படியானால் பிள்ளை பிறந்தபோதே இந்தியன். அம்மா விசா முடிந்து சும்மா தங்கியிருந்தவள் என்று எழுதினால் பிள்ளை இந்தியன் இல்லை. முக்கூடல் அப்பனுக்கு, தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளை வெளிநாட்டவன் ஆகிவிடுவான், அவனுக்கும் விசா கேட்க வேண்டும். அவள் மேல் கறுப்புப் பட்டியல் ஏறினால் ஒருமுறை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரவும் முடியாது. எல்லாம் நான் திருப்பிக் கொடுத்த ஒரு பையால் வந்தது.

கொஞ்ச நாளில் இரண்டாவது உத்தரவு வந்தது. இனி விண்ணப்பிக்கவே வேண்டாம், மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் முறைப்படி தங்கியிருப்பதாகவே கொள்ளப்படும் என்று. எனக்கு மூச்சு வந்தது. முத்துக்குமார் சார் அதை நின்றுகொண்டே ஒரு தடவை வாசித்தார், உட்கார்ந்து ஒரு தடவை வாசித்தார். "என்னைக்குலருந்துன்னு தெளிவா இல்லியேக்கா. இந்த உத்தரவு வாரதுக்கு முந்தியே பிள்ளை பொறந்துட்டு. அன்னைக்கு நிலவரப்படி விண்ணப்பிச்சவங்களுக்குத்தான் சலுகை. இவ விண்ணப்பிக்கல." சென்னைக்குப் போன் செய்து கேட்டோம். அவர்களுக்கும் தெரியவில்லை. அறிக்கை அனுப்புங்கள், மேலே கேட்கிறோம் என்றார்கள்.

அறிக்கைக்கு விசாரணை வேண்டும். ஒரு பெண் காவலரோடு ஜீப்பில் முக்கூடல் போனேன். சின்ன ஓட்டு வீடு. இசக்கிமுத்துவின் அம்மா செல்லத்தாய் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். பக்கத்தில் மரிசெல், சுற்றிய பீடிகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் அவளை மாரிச்செல்வி ஆக்கியிருந்தார்கள். தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

விஷயத்தைச் சொன்னதும் செல்லத்தாயின் கை நின்றுபோனது. "ஆத்தத் தாண்டக் கூடாதுன்னு மறிச்சது நாந்தான். எங்க அம்மைக்கு அப்படி ரெண்டு பிள்ள தவறிட்டு, அந்தப் பயம் எனக்கு. இவளுக்கு இங்கன தாய்வீடு ஏது, நாந்தான தாயி? எம்மேல எழுதுங்க. என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க."

இசக்கிமுத்து, "நீ சும்மா இரும்மா" என்றான்.

"என்னத்தச் சும்மா இருக்க? ஆசுபத்திரிக்குப் போவயில ஆத்தத் தாண்டித்தான போனோம். அன்னைக்கே தாண்டியிருந்தா இந்தக் கேள்வி உண்டுமா?"

மரிசெல்லுக்கு எல்லாம் புரியவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். மாமியாரிடம் கற்ற தமிழில் என்னிடம் கேட்டாள். "அக்கா, என்னை அனுப்பிட்டு பிள்ளை இங்க இருக்குமா? பிள்ளைய அனுப்பிட்டு நான் இருக்கணுமா?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் அழவில்லை, நூல் கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கட்டு சரியாக விழவில்லை. செல்லத்தாய் அதை வாங்கித் தன் சொளவில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் முடிவு செய்துவிட்டேன். அந்தப் பதினாறு நாள் விண்ணப்பம் வராததற்குக் காரணம் மாமியார் இல்லை, நான். விசா முடியும் முன்பே புருஷன் எல்லாக் காகிதத்தோடும் எங்கள் மேசைக்கு வந்தான். நாங்கள் வாங்கவில்லை. இதைச் சொன்னால்தான் அந்தப் பெண் வேண்டுமென்று ஒளிந்து தங்கவில்லை என்பது நிற்கும். ஆனால் அவன் வந்ததற்கு என்ன ஆதாரம்? நான்தான் எழுதவில்லையே. அப்போதுதான் வாசல் காவலரிடம் இருக்கும் வருகைப் பதிவேடு ஞாபகம் வந்தது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அதில் பேர் எழுத வேண்டும். மூக்கில் முகக்கவசமும் கண்ணில் கண்ணாடியுமாக, ஆவி படிந்து படிந்து, பழைய நோட்டுகளைப் புரட்டினேன். கிடைத்துவிட்டது. 'இசக்கிமுத்து, முக்கூடல், வெளிநாட்டவர் பிரிவு, விசா சம்பந்தமாக.' உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. பன்னிரண்டு நிமிஷம் இருந்திருக்கிறான்.

அறிக்கையை நானே தட்டச்சு செய்தேன். 'விசா முடியும் முன்பே மேற்படி பெண்ணின் கணவர் உரிய ஆவணங்களுடன் இவ்வலுவலகம் வந்தார். ஆளை நேரில் அழைத்து வருமாறு கூறி, பிரிவு உதவியாளராகிய என்னால் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். அவ்வாறு நேரில் வரவேண்டிய விதி எதுவும் இல்லை. பின்னர் முதல் உத்தரவு வந்தபோதும் என்னால் தெரிவிக்கப்படவில்லை.' வருகைப் பதிவேட்டின் நகலை இணைத்தேன். ஆகவே இரண்டாவது உத்தரவின் சலுகையை விசா முடிந்த நாளிலிருந்தே இவருக்கு அளிக்கலாம் என்று முடித்தேன்.

கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்'.

போனேன். நாற்காலியைக் காட்டினார். பென்சிலைச் சீவினார். இந்தத் தடவை அவரே முதலில் பேசினார். "இத எழுதணுமாக்கா? இன்னும் ஒரு வருசங்கூட இல்ல உங்களுக்கு. இந்த வாசகத்தப் பாத்தா மேல சும்மா விடமாட்டாவ. மெமோ வந்தா பென்சன் காகிதம் அப்படியே நிக்கும்."

"எழுதலேன்னா அந்தப் பிள்ளைக்கு ஒரு நாடு நிக்கும் சார்."

"ஊரடங்கால வர முடியலன்னு மட்டும் எழுதலாமே."

"ஊரடங்குக்கு முந்தியே வந்துட்டான் சார். வந்தவன நாந்தான் வெரட்டுனேன்."

அவர் ரப்பரை எடுக்கவில்லை. கோப்பை மூடினார். இரண்டு நாள் அது அவர் மேசையிலேயே கிடந்தது. நான் தேவையில்லாமல் அந்தப் பக்கம் நாலு தடவை நடந்தேன், டீ குடிக்கப் போகிற மாதிரி. கோபமும் வந்தது, பயமும் வந்தது. பென்சன் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் கோப்பு வந்தது. 'பேசவும்' அழிந்திருந்தது. என் வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட அவர் தொடவில்லை. கீழே பேனாவால் எழுதியிருந்தார்: 'உண்மை. ஆளை நேரில் பார்த்த பிறகே விண்ணப்பம் பெறும் வழக்கம் இப்பிரிவில் இருந்ததை நான் அறிவேன். அதை நான் நிறுத்தவில்லை. பொறுப்பு எனக்கும் உண்டு. பரிந்துரைக்கிறேன்.' கண்காணிப்பாளர் கையெழுத்தோடு அது சென்னைக்குப் போனது. நான் நன்றி சொல்லப் போனேன். "டீ சாப்பிட்டீயளாக்கா? ரெண்டு நாளா ரொம்பக் குடிச்சீய" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் காத்திருந்தோம். பொதுச் சலுகையோ மாதத்துக்கு மாதம் நீண்டது. இந்த மாதக் கடைசி வரை என்பார்கள், கடைசி நாளில் அடுத்த மாதம் வரை என்பார்கள். விமானங்கள் வழக்கம்போல ஓடத் தொடங்கி இத்தனை நாள் வரை என்றும் ஒரு தடவை வந்தது. எப்போது ஓடும் என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இசக்கிமுத்து போன் செய்வான். "இந்த மாசம் உண்டா மேடம்?" என்பான். ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு, அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரு நோட்டில் எழுதினேன். போன் செய்த அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதும் இதுதான். உத்தரவு வருகிறபோது வரட்டும். அதுவரை வாசலுக்கு வருகிற ஒவ்வொருவர் பேரையும் வாங்கி எழுது அம்மா. அரைகுறைக் காகிதமானாலும் வாங்கி முத்திரை போடு. நீ சொன்ன பதிலையும் எழுது, தப்பாகச் சொல்லியிருந்தாலும் எழுது.

அறிக்கை போன எட்டாம் மாதம் பதில் வந்தது. மேற்படி பெண் விசா முடிந்த நாளிலிருந்து முறைப்படி தங்கியிருப்பதாகவே கொள்ளப்படுகிறது. மூன்றே வரி. நான் அதை மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து வாசித்துவிட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல். கூடவே இன்னொரு உறையும் வந்தது, எனக்கு. எதிர்காலத்தில் கவனத்துடன் பணியாற்றுமாறு எச்சரிக்கப்படுகிறது என்று. எனக்கு அப்போது மிச்சமிருந்த எதிர்காலம் பதினொரு வேலை நாள். அந்தப் பதினொரு நாளும் மிகுந்த கவனத்துடன் பணியாற்றினேன். பென்சன் காகிதம் நிற்கவில்லை.

அதில் ஒரு நாள் அவர்கள் வந்தார்கள். மரிசெல்லுக்கு நீண்ட நாள் விசா, பதிவேட்டில் புதுப் பக்கம். அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"பிள்ள பேர எங்கன எழுதுவீய?"

"அவன் பேரு இதுல வராது."

அவள் முகம் மாறிவிட்டது. பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். "ஏன்? கடுதாசி வந்துட்டுன்னு சொன்னீயளே."

"வந்ததுனாலதான் வராது. இது வெளிநாட்டுக்காரங்க புஸ்தகம், செல்லத்தாயி. உன் பேரு இதுல இருக்கா? எம் பேரு இருக்கா? அது மாதிரிதான் இவனும்."

பிள்ளை பதிவேட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான், செல்லத்தாய் அவன் கையை எடுத்துவிட்டாள். பிறகு மருமகளின் பேர் எழுதிய இடத்தைக் காட்டினாள்.

"அப்ப இவ பேர என்னைக்கு இதுலருந்து எடுப்பீய?"

"ஏழு வருசம் சேர்ந்தாப்புல இங்கன இருந்தா, இந்தியாக்காரியா ஆக்குங்கன்னு எழுதிக் கேக்கலாம்."

"ஏழு வருசந்தான?" என்றாள் செல்லத்தாய். "இருந்துட்டுப் போறா. எங்க போவப்போறா?"

மரிசெல் பேனாவை மூடி என் முன்னால் வைத்தாள். "எங்கயும் போவல அத்தை" என்றாள்.